ஒரு வருஷத்தின் விலை

(அம்பத்தூரில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கவிதை எழுதுகிறவன். பிழைப்புக்கு வங்கியில் குமாஸ்தா. அந்த வேலைக்கான பரீட்சையை நாலு தடவை எழுதித்தான் தேறினேன். அதனால் விடாமுயற்சி பற்றி உபதேசம் பண்ணுவேன்னு எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கணும்.

என் அக்கா இங்கே எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தைக்கிறாள். அவள் மகள் ரெண்டு தடவை நீட் எழுதினாள். ரெண்டு தடவையும் சீட்டு கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. "மாமா, மூணாவது தடவையும் எழுதட்டுமா?" என்றாள். "எழுது, நம்ம சேரியிலேர்ந்து ஒரு டாக்டர் வரணும்" என்று வீரமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "அம்மா செயின் இன்னும் உங்க பேங்க்லதான் இருக்கு மாமா."

கோச்சிங்குக்காக வைத்த செயின். அப்ரைசர் அதை உரைகல்லில் உரைத்தபோது பக்கத்தில் நின்றவனே நான்தான்.

நீட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். மேல் வயது வரம்பையும் 2022ல் எடுத்துவிட்டார்கள். கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வருஷத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்க யாரிடம் வருஷம் இருக்கிறது?

நுழைவுத் தேர்வை ஒழித்தபின், 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மார்க்கை வைத்தே இங்கே மருத்துவ இடம் கொடுத்தார்கள். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021ல் தந்த அறிக்கையைப் பாருங்கள். 2016-17ல் மருத்துவம் சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020-21ல் 71.42 சதவீதம். நாலே வருஷத்தில் நம் பிள்ளைகளின் மூளையா மாறிவிட்டது? காத்திருக்க வசதியுள்ளவன் உள்ளே போனான். அதற்குத்தான் 'தகுதி' என்று பேர் வைக்கிறார்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020ல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு நல்ல காரியம். அக்கா மகள் படித்ததோ உதவி பெறும் பள்ளி. அவளுக்கு அது கிடையாது.

நான் நாலு தடவை எழுதினேனே, எப்படி? பகலில் எஸ்டேட்டில் வேலை, ராத்திரி படிப்பு. தோற்றபோதும் சம்பளம் வந்தது. அவளுக்கோ வீட்டில் உட்கார்ந்தே வருஷம் போகிறது. ரெண்டையும் ஒன்றாக வைத்து "நான் ஜெயிக்கலையா?" என்று பேசியது என் திமிர்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 'ஒரு டாக்டர் வரணும்' என்பது அவள் ஆசை மட்டுமில்லை, நம் இயக்கத்தின் ஆசையும்தான். ஒரு சேரியின் பாரத்தைப் பதினெட்டு வயசுப் பெண்ணின் தலையில் ஏற்றுகிறோம். குழுமூர் அனிதா 1,176 மார்க் வாங்கியவள். 2017 செப்டம்பர் 1ல் அவளை இழந்தோம். எந்தப் பரீட்சையும் உயிருக்கு ஈடில்லை. இதை மேடையில் சொன்னால் போதாது, வீட்டில் சொல்லணும்.

பாபாசாகேப் 1917ல் உதவித்தொகை முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்து, பணம் சேர்த்து, கடனும் வாங்கி, 1920ல் மறுபடி போனார். விட்டு வந்ததை யாராவது தோல்வி என்போமா?

எனவே மறுபடி எழுதுகிறவர்கள் மூணு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஆசை யாருடையது? இந்த வருஷத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? கிடைக்காவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாக எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு டிகிரியில் சேர்ந்துவிட்டு, முடிந்தால் எழுதுங்கள். எழுதாமல் விட்டாலும் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

அக்கா மகள் வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். தினமும் மின்சார ரயிலில் போகிறாள். மறுபடி எழுதுவாளா என்று நான் கேட்கவில்லை. அவளுடைய நீட் புத்தகங்கள் இங்கே அலமாரியில் இருக்கின்றன. வேண்டியவர்கள் எடுத்துப் படியுங்கள். செயினை மீட்கிற வேலை என்னுடையது.