குடலில் தங்கிய கூழ்



வரலாற்றுப் பாடம் நடத்துகையில் ஒரு மாணாக்கன் என்னைக் கேட்டதுண்டு: "ஐயா, எழுத்தே அறியாத மக்கள் என்ன உண்டார்கள் என்பது நமக்கு எப்படித் தெரியும்?" நல்ல வினா. மண்ணில் மிஞ்சிய விதை, எலும்பு, உடல் ஆகியவற்றை ஆராய்வோர் அதற்கு விடை கூறுகின்றனர். டென்மார்க்கு நாட்டுச் சான்று ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1950-ஆம் ஆண்டு மே மாதம், சில்க்கபோர் நகருக்கு அருகே, எரிப்பதற்காகச் சதுப்பு நிலத்து மண்கட்டி வெட்டியவர்கள் ஒரு மனிதன் உறங்குவதுபோல் கிடக்கக் கண்டனர். அண்மையில் நடந்த கொலையென்று எண்ணிக் காவல்துறைக்குச் சொல்லியனுப்பினர். கழுத்திலே தோற்கயிறு இருந்தது. ஆனால் அவன் மாண்டது கி.மு. 405-க்கும் 380-க்கும் இடையில்! சதுப்பின் அமிலம் அவன் தோலைப் பதனிட்டு வைத்திருந்தது. டொல்லுண்ட் மனிதன் என்று அவனுக்குப் பெயரிட்டனர்.

அவன் குடலில் கடைசி உணவும் அழியாதிருந்தது. பார்லியும் ஆளிவிதையும் களைவிதைகளும் கலந்த கூழ் அது. நம் அரிக்கமேட்டை 1945-இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், 1954-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் அதே போன்ற கூழைச் சுவைத்து முகஞ்சுளித்தார். மோரும் வெங்காயமும் இன்றிக் குடித்தால் எக்கூழும் அப்படித்தான்!

2021-இல் வெளியான மறு ஆய்வு இன்னும் நுணுக்கமானது. கருகிய துணுக்குகளைக் கொண்டு, கூழ் மண்சட்டியில் சற்றே அடிப்பிடித்தது என்று கண்டனர். மீனும் உண்டிருக்கிறான். சாட்டைப்புழுவின் முட்டைகளும் நாடாப்புழுவின் முட்டைகளும் இருந்தன. முன்னது மலம் கலந்த நீராலோ உணவாலோ வருவது. பின்னது சரியாக வேகாத இறைச்சியால் வருவது. அவ்வூரின் தண்ணீரையும் அடுப்பையும் பற்றி இதைவிடத் தெளிவாக எந்த ஏடு கூறும்?

களைவிதைகள்தாம் புதிராக நிற்கின்றன. அவை களத்தில் தூற்றி ஒதுக்கிய கூளத்திலிருந்து வந்தவை. பஞ்சத்தால் சேர்த்தார்கள் என்று விரைந்து முடிவு கட்டலாகாது. பார்லியே மிகுதியாக இருந்தது. பலியிடப்படுபவனுக்கென்று வேண்டுமென்றே கலந்தனரோ என்று ஆய்வாளர் ஐயுறுகின்றனர். 1952-இல் அப்பகுதியிலேயே கிடைத்த கிரௌபல்ல மனிதனின் குடலிலும் களைவிதைகள் மிகுதியாக இருந்தன. இது பலியுணவா, குடியானவனின் அன்றாடக் கூழா? தீர்த்துச் சொல்ல, வீட்டில் இயல்பாக இறந்த ஒருவனின் உடல் வேண்டும். அக்காலத்து மக்களோ தம் இறந்தோரைப் பெரும்பாலும் எரித்துவிட்டனர்.