பேருந்தின் 'நட்டம்' யாருடைய கணக்கு?

(மும்பையில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



தாராவியிலிருந்தோ கோவண்டியிலிருந்தோ அதிகாலையில் வீட்டு வேலைக்குப் புறப்படும் ஒரு பெண்ணுக்கு, அரசு என்பது முதலில் பேருந்து நிறுத்தமே. பேருந்து வருமா, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பவையே அவருடைய அன்றாட அரசியல் கேள்விகள். இவற்றுக்கான விடை மாநகராட்சியின் வரவு-செலவுத் திட்டத்தில் இருக்கிறது. அந்தத் திட்டத்தைப் பற்றிய விவாதமோ அவர் நிற்கும் நிறுத்தம்வரை வந்து சேர்வதில்லை.

2019 ஜூலையில் பெஸ்ட் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் அது 10 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரே பேருந்தில் சென்று திரும்பி, மாதத்தில் 25 நாள் உழைப்பவருக்குச் செலவு 250 ரூபாயிலிருந்து 500 ரூபாயாகிறது. மெட்ரோவில் செல்லவோ வாகனம் வாங்கவோ வசதியில்லாத குடும்பத்திற்கு இந்த 250 ரூபாய் சிறு தொகையன்று. கட்டண உயர்வுக்குச் சொல்லப்பட்ட காரணம், பெஸ்ட் நட்டத்தில் இயங்குகிறது என்பது. இந்த 'நட்டம்' என்னும் சொல்லையே முதலில் ஆராய வேண்டும்.

பம்பாய் மாநகராட்சி 1947 ஆகஸ்டில் மின்சாரத்தையும் போக்குவரத்தையும் தனியார் நிறுவனத்திடமிருந்து கையகப்படுத்தியது. மின்பிரிவில் கிடைத்த உபரி, பேருந்துப் பிரிவின் பற்றாக்குறையை நீண்ட காலம் ஈடுசெய்தது. மின்விளக்கு எரிக்க வசதி பெற்றவர் கொடுத்த கட்டணத்தின் ஒரு பகுதி, பேருந்தில் செல்லும் உழைப்பாளிக்குப் பயன்பட்டது. இது கணக்குப் பிழையன்று; நகரம் ஏற்றுக்கொண்டிருந்த ஒரு சமூக ஏற்பாடு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும் அதன் வழிவந்த ஒழுங்குமுறையும் இந்த வழியைப் படிப்படியாக அடைத்தன. ஒன்றாக இருந்த கணக்கைப் பிரித்த பின்னர், பேருந்து மட்டும் நட்டக்கணக்கில் தனியே நிறுத்தப்பட்டது.

இதே நகரில் 13,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பில் கடற்கரைச் சாலையை மாநகராட்சி அமைத்தது. அதில் சுங்கக் கட்டணம் இல்லை. அந்தச் சாலை ஆண்டுக்கு எவ்வளவு நட்டம் தருகிறது என்று எவரும் கேட்பதில்லை. சாலை பொதுச்சேவை என்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது. கார் ஓடும் சாலை பொதுச்சேவை, ஏழை ஏறும் பேருந்து நட்டம் என்னும் இந்த இரட்டை அளவுகோல் தற்செயலானதன்று. அதன் பின்னே வர்க்க நோக்கு இருக்கிறது.

பணமே இல்லை என்ற வாதமும் நிற்காது. மும்பை மாநகராட்சியின் 2025-26ஆம் ஆண்டு வரவு-செலவுத் திட்டம் 74,427 கோடி ரூபாய். அதில் பெஸ்டுக்கு ஒதுக்கப்பட்ட மானியம் 1,000 கோடி ரூபாய். நூறு ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை. மாநகராட்சி திட்டங்களுக்காகச் செலவழிக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்தத் திட்டம் முதலில், யாருக்காக என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்கும் இடமும் இரண்டு வழிகளில் சுருக்கப்பட்டது.

முதலாவது, வருவாய். நகருக்குள் வரும் பொருள்கள்மீது வசூலிக்கப்பட்ட ஆக்ட்ராய், மும்பை மாநகராட்சியின் மிகப்பெரிய சொந்த வருவாயாக இருந்தது. 2017 ஜூலை முதல் நாள் ஜிஎஸ்டி வந்தவுடன் அது நின்றது. ஈட்டுத்தொகை ஆண்டுக்கு 8 சதவிகித உயர்வுடன் மாநில அரசிடமிருந்து வருகிறது. தொகை வருகிறதே, இழப்பு என்ன என்று சில தோழர்கள் கேட்கலாம். தானே விதித்துத் தானே திரட்டிய வரி, மேலிருந்து வரும் தவணையாக மாறிவிட்டது என்பதே இழப்பு. ஆக்ட்ராய் சோதனைச் சாவடிகளில் ஊழல் இருந்தது உண்மை. ஊழலை ஒழிப்பது ஒன்று; உள்ளாட்சியின் வரி அதிகாரத்தை ஒழிப்பது வேறு.

இரண்டாவது, ஜனநாயகம். 2022 மார்ச் மாதத்தில் 227 உறுப்பினர் கொண்ட மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 243-யு பிரிவு. ஆயினும் 2026 ஜனவரியில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் மாநில அரசு நியமித்த நிர்வாகியே வரவு-செலவுத் திட்டத்தை முன்வைத்தார். அவரே அதற்கு ஒப்புதலும் அளித்தார். கட்டணம் இருமடங்கானபோது, கேள்வி எழுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர்கூட மாமன்றத்தில் இல்லை.

இந்த வெற்றிடத்தில்தான் 'வெட் லீஸ்' என்னும் ஒப்பந்த முறை வளர்ந்தது. பேருந்தும் ஓட்டுநரும் தனியார் நிறுவனத்தினுடையவை. ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ப மாநகரம் பணம் தருகிறது. ஒரு காலத்தில் 4,000-க்கும் மேற்பட்ட சொந்தப் பேருந்துகளை வைத்திருந்த பெஸ்டில், இன்று ஓடுபவற்றில் பெரும்பகுதி ஒப்பந்தப் பேருந்துகள். 2023 ஆகஸ்டில் ஊதிய உயர்வு கோரி ஒப்பந்த ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதியத்திற்குப் பொறுப்பாளர் யார் என்பதே முதல் சிக்கலாயிற்று. பொறுப்பு கைமாறிக்கொண்டே போகும் ஏற்பாட்டில் தொழிலாளியும் பயணியும் ஒருங்கே தோற்கிறார்கள்.

இதை முன்கூட்டியே கண்டவர்கள் பெஸ்ட் தொழிலாளர்களே. 2019 ஜனவரியில் ஒன்பது நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், பெஸ்டின் வரவு-செலவுத் திட்டத்தை மாநகராட்சியின் திட்டத்துடன் இணைக்க வேண்டும் என்பதும் ஒன்று. அது ஊதியக் கோரிக்கை மட்டுமன்று. பேருந்தைக் குடிநீர் போல, கழிவுநீர்க் கால்வாய் போல நகரத்தின் கடமையாக ஏற்கச் சொன்ன அரசியல் கோரிக்கை. அந்த ஒன்பது நாளில் பயணிகள் பட்ட துன்பமும் உண்மையானது. அந்தத் துன்பத்தைத் தொழிலாளர்களுக்கு எதிரான கோபமாக மாற்ற முயன்றவர்கள் இருந்தார்கள். கோரிக்கையை நிறுத்தங்கள்தோறும் முன்கூட்டியே கொண்டுசென்றிருந்தால் அந்த முயற்சி எளிதாக இருந்திராது. இயக்கம் கற்க வேண்டிய பாடம் இது.

மாற்றுவழி வெறும் கற்பனையன்று. கேரளத்தில் 1996இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவிகிதத்தை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. முன்னுரிமைகள் கிராம சபைகளிலும் வார்டுக் கூட்டங்களிலும் விவாதிக்கப்பட்டன. குறைகள் இல்லாமல் இல்லை. எனினும் நிதி ஒதுக்கீட்டைச் சாதாரணக் குடிமகன் படித்துக் கேள்வி கேட்க முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

மும்பையில் மாமன்றம் மீண்டும் அமைந்துள்ள இந்த நேரத்தில் மூன்று பணிகள் முன்னுள்ளன. ஒவ்வொரு கிளையும் தன் வார்டில் ஓடும் பேருந்துத் தடங்களையும், நிறுத்தப்பட்ட தடங்களையும், காத்திருக்கும் நேரத்தையும் பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பதிவை வரவு-செலவுத் திட்டத்தின் ஒதுக்கீட்டோடு சேர்த்து, தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் துண்டறிக்கையாக நிறுத்தங்களில் வழங்க வேண்டும். வார்டு உறுப்பினர் எந்தக் கட்சியினராயினும், பெஸ்டின் திட்டத்தை மாநகராட்சியின் திட்டத்துடன் இணைப்பது பற்றி அவருடைய நிலைப்பாட்டை மக்கள் முன்னிலையில் கேட்க வேண்டும்.

அதிகாலை நிறுத்தத்தில் காத்திருப்பவர் மானியம் பெறுபவர் அல்லர். இந்த நகரம் எழுந்து இயங்குவதே அவருடைய உழைப்பால்தான். அவரை வேலைக்குக் கொண்டுசேர்க்கும் பேருந்தின் செலவு நகரத்தின் செலவு. அந்தக் கணக்கை நகரத்தின் ஏட்டில் எழுதவைப்பதே உள்ளாட்சியில் இடதுசாரி அரசியலின் பணி.