நாம் உழைத்த பணம் நம் பிள்ளைகளுக்கே சேர வேண்டும்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்கிறோம். ஆனால் மரண உதவிச் சங்கத்துக்கு மாதா மாதம் சந்தா கட்டுகிறோம். பெட்டிக்கும் பந்தலுக்கும் ஏற்பாடு செய்கிற நாம், உழைத்த காசுக்கு ஏற்பாடு செய்வதில்லை.

நமது டிவிஷனில் முப்பது வருஷம் கொழுந்தெடுத்த ஓர் அம்மா காலமானார். சேமலாப நிதியில் அவர் கலியாணத்துக்கு முன்பு எழுதிக் கொடுத்த தாயின் பெயரே வாரிசாக இருந்தது. அந்தத் தாயும் எப்போதோ இறந்துவிட்டார். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். கோயிலில் தாலி கட்டினார்கள், விவாகப் பதிவு இல்லை. மகள் பேரை இழந்து இழந்து தோட்ட ஆபீசுக்கும் கிராம சேவகரிடமும் தொழில் திணைக்களத்துக்கும் நடந்தாள். பணம் கைக்கு வர இரண்டு வருஷம் ஆனது. மாதா மாதம் அந்த அம்மாவிடம் சந்தா வாங்கிய நாங்கள், ஒருநாளாவது "வாரிசு யார்?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால்தான் இன்று பேசுகிறோம்.

நம்மிடம் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தின் பங்காக 12 வீதமும் போகின்றன. நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 வீதம் கட்டுகிறது. ஐந்து வருஷம் வேலை செய்திருந்தால், நாள் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம் சர்வீஸ் காசாக உண்டு. தொழிலாளி இறந்தாலும் அது வாரிசுக்கு உரியது.

முதல் வேலை, வாரிசு நியமனப் படிவத்தைப் புதுப்பிப்பது. கலியாணம் முடிந்தால், பிள்ளை பிறந்தால், பெயர் எழுதப்பட்டவர் இறந்தால் மாற்றி எழுதுங்கள். பெயர் வித்தியாசம் இருந்தால் உயிரோடு இருக்கும்போதே திருத்துங்கள். விவாகத்தைப் பதியுங்கள்.

இரண்டாவது, மரண சாசனம். அது எழுதாமல் இறந்தால், நமக்குப் பொருந்தும் பொதுச் சட்டப்படி பாதி கணவனுக்கோ மனைவிக்கோ போகும், மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். கட்டிக் கொடுத்த மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்குதான். வேறு விதமாகக் கொடுக்க விரும்பினால் எழுத வேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்திடலாம். நொத்தாரிஸ் இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும். சொத்துப் பெறப் போகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். லயக்காம்பிரா நம் பெயரில் இல்லை, அதை எழுதி வைக்க முடியாது. ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி கிடைத்தவர்களுக்கு அது சொத்து. உறுதி தரும்போது புருஷன், பெண்சாதி இருவர் பெயரையும் போடச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, அற்றோணித் தத்துவம். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். எந்த வேலைக்கு அதிகாரம் கொடுக்கிறோமோ அதை மட்டும் எழுதுங்கள். தமிழில் வாசித்துக் காட்டாத காகிதத்திலும் வெற்றுத் தாளிலும் கைநாட்டு வைக்காதீர்கள். கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். ஆகவே அது மரண சாசனத்துக்கு ஈடாகாது.

நான்காவது, நோய். பேச முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்தால் நமக்காக யார் பேசுவது? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? எந்த அளவுக்கு வைத்தியம் வேண்டும்? இதைப் பிள்ளைகள் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு கிளினிக் கொப்பியோடு வையுங்கள். வாட்டு வாசலில் அண்ணன் தம்பி சண்டை பிடிப்பதை அது குறைக்கும்.

இதற்கெல்லாம் காசில்லையே என்று தயங்க வேண்டாம். வசதியற்றவர்களுக்கு இலவசமாக உதவத்தான் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது.

அடுத்த சந்தா நாளில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், சேமலாப நிதி இலக்கம் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: "வாரிசு யார்?"