காற்று தூக்கினால் சிரிப்பு, கை தூக்கினால்?



ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். அந்த ஆடைப் பாதி திடீரென்று காற்றில் பறந்துவிட்டால், மிச்சமிருக்கும் ஆள் பாதி என்ன செய்வது? இந்தச் சங்கடம் ஸ்காட்லாந்து ஆண்களுக்கு நன்றாகத் தெரியும். காரணம், அவர்களின் பாரம்பரிய உடையான கில்ட்.

கைலி கட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் கவலை ஓரளவு புரியும். சாப்பிட்டு எழும்போது முடிச்சு தளரும். ஒரு கையில் எச்சில், மறு கையில் மானம்! ஆனாலும் கைலி கணுக்கால் வரை இறங்கி வந்து காப்பாற்றும். கில்ட்டோ முழங்காலோடு நின்றுவிடும். அங்கேதான் கதை ஆரம்பம்.

முறையாகத் தைத்த கில்ட்டுக்குச் சுமார் 8 கெஜம் கம்பளித் துணி வேண்டும் என்பார்கள். டார்டன் எனப்படும் கட்டம் போட்ட துணி அது. சேலைக்கே ஆறு கெஜம்தானே! அந்தத் துணியின் பெரும்பகுதி பின்பக்கம் வரிசையாகக் கொசுவம் வைத்துத் தைக்கப்படுகிறது. முன்பக்கம் தட்டையான இரண்டு மடல்கள், ஒன்றின் மேல் ஒன்று. இடுப்பில் தோல் வார். பாரம்பரிய கில்ட்டுக்குப் பாக்கெட் கிடையாது என்பதால் முன்னால் தொங்குகிறது ஒரு பை; அதற்குப் பெயர் ஸ்போரன். காலுறையில் செருகிய சிறு கத்திக்குப் பெயர் ஸ்கீயன் டூ.

கேட்கக் கம்பீரமாக இருக்கிறது அல்லவா? அணிந்து பார்த்தால்தான் தெரியும்.

நண்பனின் திருமணத்துக்கு வாடகைக்கு எடுத்து முதன்முறையாக அணியும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். கொசுவம் பின்னால் வர வேண்டும் என்பது தெரியாமல் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு மிடுக்காக வந்து நிற்பார். மேல் மடலில் மட்டும் குத்த வேண்டிய ஊசியை, பறந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு மடலையும் சேர்த்துக் குத்திவிடுவார். உட்கார்ந்தவுடன் துணி இழுபடும், கிழிந்தாலும் கிழியும்.

உட்காருவதே ஒரு கலை. பெண்கள் பாவாடையை ஒதுக்கி அமர்வதைப் போல, பின்பக்கக் கொசுவத்தைக் கையால் தடவிச் சமன்செய்து, முழங்கால்களை ஒட்டி வைத்து அமர வேண்டும். கால்சட்டையில் வளர்ந்த ஆண்களுக்கு இந்தப் பழக்கம் எங்கே இருக்கிறது? தாழ்வான சோபாவில் சாய்ந்தால் தொல்லை. உயரமான முக்காலியில் ஏறினால் தொல்லை. காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்து இறங்கினாலோ பெருந்தொல்லை!

மாலையில் நடனம். அந்த நடன விருந்தின் பெயரை அவர்கள் உச்சரிப்பது தமிழ்க் காதுக்குக் ‘கேலி’ என்றே கேட்கும். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! சுழன்று சுழன்று ஆடும்போது 8 கெஜமும் குடையாக விரிகிறது. வெளியே காற்றாட வந்து நின்றால், ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் கோடைக்காலம் முழுவதும் மொய்க்கும் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி காத்திருக்கிறது. எங்கெங்கே கடித்தது என்று பிறரிடம் சொல்லவும் முடியாது, சொறியவும் முடியாது. மறுநாள் அதே உடையில் விமானம் ஏறப் போனால், காலுறையில் மறந்துவிட்ட கத்தியைப் பற்றிப் பாதுகாப்பு அதிகாரியிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

சாதாரண மனிதர்களுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை என்று எண்ண வேண்டாம்.

1822-ஆம் ஆண்டு நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பர்க் நகருக்கு வந்தார். வரவேற்பு ஏற்பாடுகளை முன்னின்று செய்தவர் எழுத்தாளர் சர் வால்டர் ஸ்காட். பருத்த உடல்வாகு கொண்ட மன்னர் கில்ட் அணிந்தார். அது முழங்காலுக்கு மேல் ஏறி நின்றது. கூச்சத்தை மறைக்க உள்ளே தோல் நிறத்தில் இறுக்கமான காலுறை அணிந்திருந்தார். மன்னர் தங்கப் போவது கொஞ்ச நாள். அதற்குள் எவ்வளவு அதிகமாகக் காட்சி தருகிறாரோ அவ்வளவு நல்லது என்று ஒரு சீமாட்டி குறும்பாகச் சொன்னாராம். 1829-இல் டேவிட் வில்கி தீட்டிய ஓவியத்தில் அந்தக் காலுறையைக் காணோம். ஓவியரின் தூரிகை மன்னரின் மானத்தைக் காத்துவிட்டது.

புகைப்படக் கருவிக்கு அந்த இரக்கம் இல்லை. 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அங்கு நடந்த சடங்கில் பிளாக் வாட்ச் படைப்பிரிவு வீரர் ஒருவரின் கில்ட்டைப் பலத்த காற்று பின்னாலிருந்து தூக்கியது. உள்ளே ஒன்றும் இல்லை என்ற உண்மை ஊர் ஊராகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. ஒரு பேரரசின் கொடி இறங்கிய நேரத்தில், ஒரு சிப்பாயின் உடை ஏறியது!

‘உள்ளே என்ன அணிந்திருக்கிறீர்கள்?’ என்பது கில்ட் அணிந்தவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி. உள்ளாடை இல்லாமல் அணிவதுதான் உண்மையான ஸ்காட்லாந்துக்காரனுக்கு அழகு என்பது ஒரு வழக்கு. 2010-இல் ஸ்காட்டிஷ் டார்டன்ஸ் அத்தாரிட்டி என்ற அமைப்பின் இயக்குநர், அது சிறுபிள்ளைத்தனம், சுகாதாரக் கேடு என்று கண்டித்தார். வாடகைக் கடையில் ஒருவர் திருப்பிக் கொடுப்பதைத்தானே இன்னொருவர் அணிகிறார்? நியாயமான பேச்சுதான். ஆனாலும் வழக்கத்தை விடமாட்டோம் என்று எதிர்த்தவர்களும் உண்டு.

இதுவரை எல்லாரும் சிரித்தோம். சிரிக்க வேண்டிய செய்திதான். காற்றுக்கு மரியாதை தெரியாது. அதன்மேல் வழக்குப் போடவும் முடியாது. உடை பறந்தவர் தானும் சேர்ந்து சிரித்துவிட்டால் சங்கடம் அங்கேயே கரைந்துவிடும்.

ஆனால் உடையைத் தூக்கியது காற்று இல்லை, ஒரு மனிதக் கை என்றால்?

ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் நகரில் ஒரு மதுக்கூடம். அங்கே ஆண் ஊழியர்கள் கில்ட் அணிந்து பரிமாறி வந்தார்கள். 2017-இல் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். என்ன காரணம்? இரண்டு கையிலும் கோப்பைகளை ஏந்தி வரும்போது, குடித்திருந்த பெண் வாடிக்கையாளர்கள் கில்ட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே கைவிடவும் செய்தார்கள். கையில் கோப்பை இருப்பவர் எதைக் கொண்டு தடுப்பார்? சொந்த ஊரிலேயே சொந்த உடையைக் களைந்து வைக்க வேண்டியதாயிற்று.

இதே காரியத்தை ஓர் ஆண், பரிமாறும் பெண்ணின் பாவாடையிடம் செய்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா? இருக்காது, இருக்கவும் கூடாது. அப்படியானால் ஆணுக்கு நடந்தால் மட்டும் அது எப்படி வேடிக்கை ஆகும்? ‘ஆம்பளைக்கு என்ன வெட்கம்?’ என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மானம் என்பது ஆண், பெண் இருவருக்கும் பொது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அனுமதியின்றி ஒருவரின் ஆடைக்குக் கீழே திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதை, ஸ்காட்லாந்தில் 2010-இல் நிறைவேறிய சட்டமும், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் குற்றமாக்கின. அவை ‘பெண்ணின் ஆடை’ என்று பிரித்துப் பேசவில்லை. ‘இன்னொருவரின் ஆடை’ என்றே பொதுவாகப் பேசுகின்றன. கில்ட்டும் அதில் அடக்கம்.

ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையைத் தடைசெய்து 1746-இல் ஒரு சட்டம் வந்தது. மீறியவர்களுக்கு ஆறு மாதச் சிறை; மீண்டும் மீறினால் நாடு கடத்தல். 1782-இல்தான் அந்தத் தடை நீங்கியது. அரசாங்கம் தடுத்தும் அழியாத உடை அது. அதை ஒரு விளையாட்டுக் கை ஒரு மதுக்கூடத்திலிருந்து வெளியேற்றிவிட்டது என்றால், விளையாட்டு என்று நினைக்கும் செயலுக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்று பாருங்கள்!

நட்புக்கு இலக்கணம் சொல்ல வந்த திருவள்ளுவர் எதை உவமையாகக் காட்டினார்? நழுவும் உடையைப் பிடிக்க ஓடி வரும் கையை. உடை நழுவுவது எவருக்கும் நேரும். கைலிக்கும் நேரும், கில்ட்டுக்கும் நேரும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரின் கை எங்கே போகிறது? தூக்கிப் பார்க்கவா, கைத்தொலைபேசியில் படம் எடுக்கவா, இழுத்து மூடிவிடவா?

உடுத்தியவரின் மானம் சில நேரம் அடுத்தவரின் கையில்தான் இருக்கிறது. அந்தக் கை நல்ல கையாக இருக்கட்டும்.