சூடு கண்ட பூனை

தெனாலிராமன் வளர்த்த பூனையின் கதையை நீங்கள் சிறுவயதிலேயே கேட்டிருப்பீர்கள். அரசர் வீட்டுக்கொரு பூனையும், அதற்குப் பாலூட்டப் பசு ஒன்றும் கொடுத்தாராம். தெனாலிராமன் முதல் நாளே கொதிக்கும் பாலைப் பூனையின் முன் வைத்தான். ஆவலோடு வாய் வைத்த பூனை சுட்டுக்கொண்டது. அன்று முதல் பாற்கிண்ணத்தைக் கண்டாலே ஓட்டம் பிடித்தது. பால் முழுவதும் தெனாலிராமனுக்கே மிஞ்சியது. கதையைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். அந்தப் பூனை பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பார் இல்லை. பாலுக்கு அஞ்சக் கற்ற பூனைக்கு அந்த அச்சத்தை மறக்கவும் கற்பிக்க முடியுமா? இதுவே இன்று நான் உங்களுடன் ஆராய விரும்பும் கேள்வி.

இன்றைய வீடுகளில் பூனையை வெருட்டும் பொருள்கள் பல. மிக்ஸி சுழன்றால் ஒரு பூனை கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறது. குக்கரின் விசில் கேட்டால் மற்றொன்று பரணுக்குத் தாவுகிறது. விரித்த குடை, துடைப்பம், தரையைத் துப்புரவு செய்யும் இயந்திரம் என்று பட்டியல் நீள்கிறது. எலியின்மேல் பாயும் வீரம் படைத்த உயிர் ஒரு குடைக்கு அஞ்சுவானேன் என்று நமக்கு நகைப்பு உண்டாகிறது.

அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. பூனை வேட்டையாடும் பிராணி. அதே வேளையில் தன்னினும் பெரிய விலங்குகளுக்கு இரையாகக்கூடிய பிராணியும் ஆகும். புதியதைக் கண்டால் முதலில் ஓடி ஒளிந்து, பிறகு எட்டிப் பார்ப்பதே அதற்கு இயற்கை கற்பித்த பாதுகாப்பு. அதன் செவியோ மிகக் கூரியது. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையில்தான் கேட்கும். பூனையின் செவி 80,000 அதிர்வுகளுக்கும் மேலே எட்டும். நமக்கு வெறும் இரைச்சலாகத் தோன்றும் ஓர் இயந்திரத்தில், நாம் கேளாத கீச்சொலிகளையும் அது கேட்கக்கூடும். இன்னொன்றும் உண்டு. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை பூனைக்குட்டியின் மனம் புதியவற்றை எளிதில் ஏற்கிறது. அப்பொழுது மனிதரோடும் வீட்டு ஒலிகளோடும் பழகிய குட்டி பிற்காலத்தில் அவ்வளவாக அஞ்சுவதில்லை. அந்த நாட்களை இழந்த பூனைக்கு ஒவ்வொரு பொருளும் ஒரு புதிராகவே நிற்கிறது.

அச்சம் கற்கப்படுவது என்றால், அதை மறக்கவும் கற்கலாம் அன்றோ? அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் உளநூல் அறிஞர் 1924ஆம் ஆண்டில் இதை ஒரு குழந்தையிடம் காட்டினார். பீட்டர் என்று அவர் குறிப்பிடும் சிறுவனுக்கு மூன்று வயது நிரம்பவில்லை. முயலைக் கண்டால் அவன் அலறுவான். ஜோன்ஸ் அம்மையார் அவனை அதட்டவில்லை. ‘முயல் ஒன்றும் செய்யாது’ என்று வாதாடவும் இல்லை. அவன் தனக்குப் பிடித்ததை உண்டுகொண்டிருக்கும்போது, கூண்டில் முயலை வைத்து, அவன் கலங்காத தொலைவில் நிறுத்தினார். நாளுக்கு நாள் தொலைவு குறைந்தது. முடிவில் சிறுவன் முயலைத் தன் கையாலேயே தடவிக் கொடுத்தான்.

இரண்டாம் உலகப் போரில் தென்னாப்பிரிக்கப் படையில் மருத்துவராகப் பணிபுரிந்தவர் ஜோசப் வோல்ப்பே. போர்முனையின் அதிர்ச்சியால் மனம் குலைந்த வீரர்களுக்கு அன்றிருந்த சிகிச்சை போதிய பயன் தரவில்லை என்று அவர் கண்டார். போர் முடிந்தபின் ஜோஹன்னஸ்பர்க் நகரில் அவர் ஆராய்ந்தது பூனைகளை. ஒரு கூண்டில் மின்னதிர்ச்சி பெற்ற பூனைகள், பசித்தாலும் அக்கூண்டில் உணவைத் தொட மறுத்தன. கூண்டு இருந்த அறையிலேயே உண்ணத் தயங்கின. பூனைகளுக்கு அவர் தந்த துன்பத்தை எண்ணினால் இன்று மனம் கூசுகிறது. ஆயினும், அவர் அவற்றை அந்நிலையில் விட்டுவிடவில்லை. அந்த அறையைப் போல் தோன்றாத வேறோர் அறையில் முதலில் உணவளித்தார். பிறகு அதனைச் சிறிது ஒத்த அறையில், பிறகு அதே அறையில், கூண்டுக்குத் தொலைவில், பிறகு அருகில். இறுதியில் பூனைகள் அந்தக் கூண்டுக்குள்ளேயே அமைதியாக உண்டன. இந்த முறையை மனிதருக்கு ஏற்றவாறு வகுத்து 1958இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். காரணமற்ற அச்சங்களால் வருந்தும் மக்களுக்கு இன்றும் மருத்துவர்கள் அதன் வழியில் உதவுகின்றனர். பூனையிடம் கற்றதை மனிதருக்குப் பயன்படுத்தினோம். அதனை மீண்டும் பூனைக்குப் பயன்படுத்துவது நாம் திருப்பிச் செலுத்தும் கடன் எனலாம்.

என் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. அண்டை வீட்டார் ஊர் மாறிச் சென்றபோது, வளர்ந்த நிலையில் என்னிடம் வந்து சேர்ந்தது. மிக்ஸி சுழன்ற மாத்திரத்தில் மதிலைத் தாண்டி வெளியே பாயும். மதிலுக்கு அப்பால் பேருந்து ஓடும் சாலை. ஆகவே, அந்த அச்சம் சிரித்துவிட்டுப் போகத்தக்கதாக இல்லை. அதன் உயிரைப் பற்றியதாக இருந்தது.

நான் பொருளை வேறு, ஒலியை வேறு எனப் பிரித்துக்கொண்டேன். முதலில், ஓசையற்ற மிக்ஸியைக் கூடத்தின் ஒரு மூலையில் வைத்தேன். எதிர் மூலையில் வேகவைத்த மீன். பூனை ஐயத்தோடு வந்து உண்டது. மறுநாள் மீன்தட்டு ஒரு சாண் மிக்ஸியை நோக்கி நகர்ந்தது. அது நிமிர்ந்து பார்த்துத் தயங்கிய நாளில் தட்டு இரண்டு சாண் பின்வாங்கியது. ஒலிக்கு வேறு வழி. மிக்ஸியின் ஓசையைக் கைப்பேசியில் பதிவு செய்து, காதருகே வைத்தால்தான் நமக்குக் கேட்கும் அளவில் ஒலிக்கச் செய்தேன். ஒலித்தவுடன் ஒரு துண்டு மீன். ஒலி நின்றால் மீனும் நின்றது. சில நாட்களுக்கு ஒருமுறை ஒலி சிறிது உயர்ந்தது. அதன்பின், பூனை பின்கட்டில் இருக்க, கதவடைத்த சமையலறையில் உண்மையான மிக்ஸி இரண்டு நொடி சுழன்றது.

இங்கே வரிசை முக்கியம். ஒலி முன்னே, உணவு பின்னே வரவேண்டும். உணவை முதலில் நீட்டி, அது வாய் வைக்கும் வேளையில் ஒலியை எழுப்பினால் நாமும் தெனாலிராமன் செய்ததையே செய்தவர்களாவோம். பூனை மிக்ஸியை விரும்பக் கற்காது. மீனை ஐயுறக் கற்கும்.

ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அந்தப் பூனை மதில் தாண்டுவதை விட்டது. மிக்ஸியை நண்பனாகக் கொண்டுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஓசை கேட்டால் காதைத் திருப்பும்; எழுந்து அடுத்த அறைக்கு நடந்து செல்லும். ஓடாமல் நடக்கிறதே, அதுவே போதும்.

செய்யக்கூடாதவை சில. அஞ்சும் பூனையைத் தூக்கிச் சென்று பொருளின்முன் நிறுத்தி, ‘பார், ஒன்றுமில்லை’ என்று காட்டுவது பெரும் தவறு. தப்பும் வழி அடைபட்டால் அச்சம் வளருமே ஒழியக் குறையாது. காது படிந்து, கண்மணி விரிந்து, உடல் ஒடுங்கினால் நாம் விரைந்துவிட்டோம் என்று பொருள். விரும்பிய உணவையும் மறுத்தால் அன்றைய பாடத்தை நிறுத்திவிடவேண்டும். உண்ணும் பூனையின் பின்னால் வெள்ளரிக்காயை வைத்து, அது துள்ளுவதைப் படமெடுக்கும் விளையாட்டு 2015ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவியது. உண்ணும் இடத்தையே அஞ்சும் இடமாக்கும் அந்தக் கொடுமையை நீங்கள் செய்யாதீர்கள்.

ஒளிய ஓர் இடமும் வேண்டும். நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காப்பகத்தில் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கிடைத்த பூனைகள், பெட்டி இல்லாத பூனைகளைவிட விரைவில் கலக்கம் தணிந்தன. ஓர் அட்டைப் பெட்டியை எந்த வீட்டிலும் தரலாம். குக்கரின் விசிலை நம் விருப்பப்படி தணிக்க இயலாது. ஆகையால் அந்த நேரத்தில் பூனை தன் பெட்டியோடு பின்னறையில் இருப்பதே நல்லது. இதுவரை அஞ்சாத பூனை திடீரென்று அஞ்சத் தொடங்கினால், உள்ளே ஏதேனும் நோயோ வலியோ இருக்கலாம். அச்சத்தால் இரண்டொரு நாள் உணவை முற்றிலும் ஒதுக்கினால் கல்லீரல் கெட வாய்ப்புண்டு. இவ்விரண்டு நிலையிலும் கால்நடை மருத்துவரிடம் உடனே செல்லவேண்டும்.

எல்லா அச்சத்தையும் போக்கிவிடவும் கூடாது. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை வள்ளுவரும் அறிவென்றே கொண்டார். எரியும் அடுப்புக்கும் சாலையில் விரையும் வண்டிக்கும் பூனை அஞ்சட்டும். தீங்கற்ற ஒன்று அதன் உணவையும் உறக்கத்தையும் பறிக்கும்போதுதான் நம் உதவி தேவைப்படுகிறது.

மாணவ நண்பர்களே, மேடையில் பேச அஞ்சும் தோழன் உங்கள் வகுப்பிலும் இருப்பான். அவனை நோக்கி நகைப்பதும், ஆயிரம் பேர் முன்னிலையில் ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் பூனையைத் தூக்கி மிக்ஸியின்முன் நிறுத்துவது போன்றதே. முதலில் உங்கள் ஒருவரிடம் அவன் பேசட்டும், பிறகு நால்வரிடம், பிறகு வகுப்பில். ஒவ்வொரு படியிலும் கால் ஊன்றிய பின் அடுத்த படிக்கு வரட்டும். எப்பொழுது ஏறுவது என்பதை அவனே முடிவு செய்யட்டும். அதுவரை பொறுமையாக உடன் நில்லுங்கள்.