கையில் வந்த சீட்டு நம் சீட்டுதானா?



வாக்களிப்பது எளிய காரியம் என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். சாவடிக்குப் போகிறோம், வரிசையில் நிற்கிறோம், சீட்டை வாங்கி அடையாளமிட்டுப் பெட்டியில் போடுகிறோம். கடமை முடிந்தது என்று வீடு திரும்புகிறோம். ஆனால், சீட்டைப் பிரித்துப் பார்த்தபோது, தாம் தேடி வந்த வேட்பாளரின் பெயரே அதில் இல்லை என்று திகைத்து நின்றவர்களும் உண்டு. இது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்தது. எங்கோ நடந்த கதை நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில், பிரைமரி என்றால் என்ன என்று பார்ப்போம். நம் நாட்டில் ஒரு தொகுதியில் யார் நிற்பது என்பதைக் கட்சித் தலைவர்களே முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதைப் பெரும்பாலும் மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். அந்த முதற்கட்டத் தேர்தலுக்குத்தான் பிரைமரி என்று பெயர். நவம்பர் மாதத்துப் பொதுத்தேர்தலுக்குப் பல மாதங்களுக்கு முன்பே அது நடந்துவிடும்.

பொதுத்தேர்தலில் ஒரு வட்டாரத்தார் எல்லாருக்கும் ஒரே சீட்டு. பிரைமரியில் அப்படி இல்லை. ஜனநாயகக் கட்சிக்கு ஒரு சீட்டு, குடியரசுக் கட்சிக்கு ஒரு சீட்டு, சிறிய கட்சிகளுக்கு வெவ்வேறு சீட்டு. எந்தக் கட்சியையும் சாராதவருக்கு இன்னொரு சீட்டு. ஒரே சாவடியில் இத்தனை வகை அடுக்கி வைத்திருந்தால், ஒருவருக்குரியது மற்றவர் கைக்குப் போவது பெரிய அதிசயமா?

2008ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். பராக் ஒபாமாவும் ஹில்லரி கிளின்டனும் ஜனநாயகக் கட்சியின் சார்பில் நிற்கப் போட்டியிட்ட காலம் அது. அந்த மாவட்டத்து வாக்குச் சீட்டில் வேட்பாளர் பெயரே இருக்காது. எண்ணிட்ட சிறு வட்டங்கள் மட்டும் இருக்கும். பெயர்கள் சாவடியில் வைத்திருக்கும் புத்தகத்தில் இருக்கும். சீட்டை அந்தப் புத்தகத்தின் அடியில் செருகி, பெயருக்கு நேரே மை வைக்க வேண்டும். ஒரு கட்சிப் புத்தகத்தில் ஒருவரைக் குறிக்கும் எண், வேறு கட்சிப் புத்தகத்தில் வேறொருவரைக் குறிக்கலாம்.

ஆகவே, கட்சி சாராதவர்கள் இரண்டு இடத்தில் மை வைக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். எந்தக் கட்சியின் தேர்தலில் கலந்துகொள்கிறோம் என்பதற்கு ஒரு வட்டம். விரும்பும் வேட்பாளருக்கு இன்னொரு வட்டம். பல்லாயிரம் பேர் வேட்பாளரைக் குறித்தார்கள், கட்சி வட்டத்தை விட்டுவிட்டார்கள். ஜனநாயகக் கட்சிப் புத்தகத்தின் முன்னேதானே நின்றோம், அதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று அவர்கள் நினைத்ததில் தவறென்ன? ஆனால், எண்ணும் இயந்திரத்திற்கு அது தெரியாது. பொதுமக்கள் குரல் எழுப்பிய பிறகே அந்தச் சீட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். தெளிவாகத் தீர்மானிக்க முடிந்தவற்றைக் கணக்கில் சேர்த்தார்கள், மற்றவற்றை ஒதுக்கிவிட்டார்கள். காலையிலேயே வந்து வரிசையில் நின்றவர்களின் வாக்குகளும் அப்படிப் போயிருக்கும்.

2016ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் நடந்த பிரைமரியில் குழப்பம் வேறு உருவில் வந்தது. அந்த மாநிலத்தில் அமெரிக்கன் இண்டிபெண்டண்ட் கட்சி என்று ஒரு சிறு கட்சி உண்டு. 1968ஆம் ஆண்டு, வெள்ளையரும் கறுப்பரும் பிரிந்தே வாழவேண்டும் என்று வாதிட்ட ஜார்ஜ் வாலஸ் அதிபர் தேர்தலில் நின்றபோது அவருக்குத் துணையாக நின்ற கட்சி அது. இண்டிபெண்டண்ட் என்றால் சுயேச்சை. வாக்காளராகப் பதியும் படிவத்தில் கட்சிகளின் பெயர்கள் அகரவரிசையில் இருக்கும். இந்தக் கட்சியே முதலில் நிற்கும். ‘நான் எந்தக் கட்சியிலும் இல்லை, சுயேச்சை’ என்று சொல்ல நினைத்தவர்கள் அந்தக் கட்டத்தில் குறியிட்டுவிட்டார்கள்.

இப்படிச் சேர்ந்தவர்களும் உண்மையாகச் சேர்ந்தவர்களுமாக ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அந்தக் கட்சிப் பட்டியலில் இருந்தார்கள். 2016 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் அவர்களில் சிலரை விசாரித்து எழுதியது. கேட்கப்பட்டவர்களில் நான்கு பேருக்கு மூன்று பேர், தாம் அந்தக் கட்சியில் இருப்பதையே அறியாதவர்கள். பதிவைத் திருத்த மே 23 வரை அவகாசம் இருந்தது. செய்தி காதில் விழுந்தவர்கள் திருத்திக்கொண்டார்கள். விழாதவர்கள் ஜூன் 7 அன்று சாவடியில் அந்தக் கட்சியின் சீட்டைப் பெற்றார்கள். கிளின்டன், சாண்டர்ஸ் பெயர்கள் அதில் ஏது?

உண்மையாகவே கட்சி சாராதவர்களுக்கும் சிரமம் இருந்தது. அவர்கள் ஜனநாயகக் கட்சிச் சீட்டைக் கேட்டு வாங்கலாம். ஆனால், வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்காதவருக்கு அதிபர் போட்டியே இல்லாத சீட்டுதான் கிடைக்கும். தபாலில் வாக்களிப்பவர்களுக்கு முன்கூட்டியே அஞ்சலட்டை வந்தது. விளம்பரம் என்று எண்ணி அதைப் போட்டுவிட்டவர்களுக்கும் அந்த வெறும் சீட்டே வந்தது. அதை உறையோடு சாவடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனவர்களுக்குத் தற்காலிகச் சீட்டு என்ற ஒன்று கிடைத்தது.

அது என்ன தற்காலிகச் சீட்டு? வாக்காளரின் தகுதியில் ஐயம் வந்தால் அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பக்கூடாது; சீட்டைக் கொடுத்து, தனி உறையில் போடச் செய்து, பிறகு பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 2002ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் இதை நாடு முழுவதற்கும் விதித்தது. தம் வாக்கு எண்ணப்பட்டதா என்று பின்னர் கேட்டறியும் உரிமையையும் வாக்காளருக்கு அந்தச் சட்டம் தந்தது. இது நல்ல ஏற்பாடு. ஆயினும், பதிவேட்டில் வேறு கட்சி என்று இருந்தால், அந்த உறைக்குள் இருக்கும் அதிபர் வாக்கு எண்ணப்படாது.

பின்னாளில் சில திருத்தங்கள் வந்தன. 2020 மார்ச் பிரைமரிக்கு முன், கடைசி நாட்களிலும் சாவடியிலேயே கட்சிப் பதிவை எழுத்து மூலம் மாற்றிக்கொள்ளச் சட்டம் வழி செய்தது. ஆக, பெரும்பாலான குழப்பம் சாவடி ஊழியரின் கையில் பிறக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு படிவத்தில் போட்ட ஒரு குறியில் பிறந்து, வாக்களிக்கும் நாளில் வெளிப்பட்டது.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். நாள் முழுதும் பால் வெட்டியிருப்போம். செக்ரோலில் பெயர் விழாவிட்டால் சம்பள நாளில் கை வெறுங்கை. அன்று கிராணியாரிடம் முறையிட்டால் விசாரிக்கத்தான் நாளாகும். மறுநாள் காலைப் பெரட்டிலேயே கேட்டவருக்குக் காரியம் எளிது.

நம் நாட்டில் இத்தகைய பிரைமரி இல்லை. ஆனால் பதிவேடு உண்டு. 2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பிய குடிமக்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறது. அடையாள அட்டையில் உள்ள முகவரியை வைத்தே தொகுதி அமைகிறது. தோட்டம் மூடப்பட்டு நகரத்துக்குக் குடிவந்த குடும்பங்கள் எத்தனை! பிள்ளையின் அட்டையில் இன்னும் பழைய தோட்டத்து முகவரி இருந்தால், அவனுடைய சீட்டும் அங்கேதான் காத்திருக்கும். ஆகவே, தேர்தல் வரும்வரை காத்திராமல் இன்றே அட்டையை எடுத்து முகவரியைப் பாருங்கள். பட்டியலில் பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று படித்த பிள்ளைகளைக் கொண்டு தேடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதத்தைப் பிரிக்காமல் ஒதுக்க வேண்டாம்.

வாக்களிக்கும் நாளில் சீட்டு கைக்கு வந்ததும் ஒரு கணம் நின்று பாருங்கள். ஐயம் இருந்தால் அடையாளமிடுவதற்கு முன்பே அதிகாரியிடம் கேளுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் கூச்சப்பட வேண்டாம். சீட்டு பெட்டிக்குள் விழுந்த பிறகு அதை யாராலும் திருப்பி எடுத்துத் தர முடியாது.