இருபத்தாறும் ஃபேனும்

சித்திரை பிறந்துவிட்டால் மேலூர்ப் பக்கம் ஏ.சி. ரிமோட்டில் 18 என்ற எண்ணுக்குத் தனி கௌரவம் வந்துவிடுகிறது. விருந்தாளி வந்தால் 18. புது மாப்பிள்ளை வந்தால் 16. அதே வீட்டில் நடுராத்திரியில் கம்பளியைத் தேடுகிறார்கள். இதைப் பேசுகிறவன் மேலூரில் ஏ.சி. மெக்கானிக், இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போனவன். அவன் சொல்வது ஒன்றுதான்: 26-ல் வையுங்கள், ஃபேனைப் போடுங்கள்.

“சீக்கிரம் ஜில்லுன்னு ஆகணும்னா 18 வைக்கணும்லண்ணே?” என்று கேட்காத வீடே இல்லை. பழைய ரக ஏ.சி.யில் 18 வைத்தாலும் 26 வைத்தாலும் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும். எப்போது நிற்பது என்பதை மட்டுமே அந்த எண் முடிவு செய்கிறது. இன்வெர்ட்டர் ஏ.சி. வேறு ரகம். கேட்ட குளிர் வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஓடும். மின்சாரம் மிச்சமாவதே அந்த மெல்லோட்டத்தில்தான். பகல் முழுக்க வெயில் குடித்த மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே, மே மாதத்தில், 18 எளிதில் எட்டாது. எட்டும்வரை மிஷின் முழு மூச்சில் ஓட வேண்டியதுதான். கூடுதல் காசு கொடுத்து இன்வெர்ட்டர் வாங்கியது எதற்காம்?

ஸ்டார் முத்திரை தரும் மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது. 2020 ஜனவரி முதல் ரூம் ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்தது. நம்மவர்கள் கை முதலில் போவது அதைக் குறைக்கும் பட்டனுக்குத்தான்.

இனி ஃபேன். ஏ.சி. ஓடும்போது ஃபேன் போட்டால் குளிர் வீணாகிவிடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! உடம்பு தெர்மாமீட்டர் இல்லை. தோலின் மேல் காற்று ஓடினால் வியர்வை உலர்கிறது, சூடு இறங்குகிறது. அறை 26-ல் இருந்தாலும் இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே உடம்புக்குப் படும். ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் சுமார் 1,500 வாட் இழுக்கும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டை ஒட்டி. ரெகுலேட்டரை இரண்டிலோ மூன்றிலோ வைத்தால் போதும். ஏ.சி.யின் தகடு கட்டிலைப் பார்க்க வேண்டாம், படுக்கைவாட்டில் இருக்கட்டும். குளிர்காற்று தானாகக் கீழே இறங்கும், ஃபேன் அதை அறை முழுக்கப் பரப்பும். மறுபடியும் சொல்வதில் தப்பில்லை: 26, கூடவே ஃபேன்.

போன கோடையில் ஒரு வீட்டில் அழைப்பு. “கேஸ் இறங்கிருச்சு தம்பி, ஏத்திவிடுங்க.” ஏ.சி. கேஸ் அடுப்பு கேஸ் மாதிரி எரிந்து தீர்வதில்லை. லீக் இருந்தால்தான் குறையும். மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவினால், நாலுவழிச்சாலைப் புழுதியும் அறுவடைத் தூசியும் சாம்பல் நிறப் போர்வையாக அப்பிக் கிடக்கிறது. குளியலறைக் குழாயில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டியதும் காற்று வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய மெக்கானிக் எதற்கு? வெளி யூனிட்டையும் துணி காயப்போடும் இடமாக்காதீர்கள். அறையின் சூட்டை அள்ளி வெளியே கொட்டும் பம்ப் அது; கொட்ட இடம் வேண்டும்.

ஐப்பசி மழையில் கதை வேறு. அப்போது சூட்டைவிடப் புழுக்கம்தான் தொல்லை. 1902-ல் வில்லிஸ் கேரியர் முதல் ஏ.சி.யை வடிவமைத்ததே புரூக்ளின் அச்சகம் ஒன்றில் ஈரத்தால் காகிதம் உப்பி, வண்ணங்கள் விலகியதற்காகத்தான். காற்றின் ஈரத்தை எடுக்கும் அந்த வேலையை இன்று செய்வது ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட ட்ரை மோடு. ஐப்பசியில் தாராளமாகப் போடலாம். பங்குனியில் மட்டும் மறக்காமல் கூல் மோடுக்கு மாற்றிவிடுங்கள். ட்ரை மோடிலேயே விட்டுவிட்டு “குளிரவே மாட்டேங்குது” என்று போன் செய்கிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.